மூன்று சட்டி மண்

அகப்பை கைக்கு வந்த அன்று வெயில்முத்துவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூழ்மடத்துக்கு வந்து ஆறு வருஷமாக அவன் காத்திருந்தது அதற்குத்தான். முதலில் விறகு, பிறகு உரல், பிறகு சோளக்காட்டு வேலை, கடைசியில்தான் அகப்பை. மடத்தில் அதுதான் படி. ஐம்பத்திரண்டு வயது மனிதன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விடியுமுன்னே குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டு வந்து நின்றான்.

பங்குனி உத்திரத்தன்று சுற்று ஊர்ச் சனமெல்லாம் தங்கள் குலசாமியான சாஸ்தாவைக் கும்பிட அந்த வழியாகத்தான் நடந்து போகும். அவர்களுக்கு மடத்து வாசலில் சோளக்கூழ் ஊற்றுவார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு. பந்தலின் குறுக்கே ஒரு ஓலைப்பாய் தொங்கும். பாய்க்கு இந்தப் பக்கம் பானையும் ஊற்றுகிறவரும், அந்தப் பக்கம் சனமும். பாயின் அடியில் ஒரு முழம் இடைவெளி விட்டிருக்கும். செம்பும் அதைப் பிடித்த கையும் மட்டும் உள்ளே வரும். முகம் தெரிந்தால் அகப்பை ஆழம் பார்த்து மொள்ளும் என்று மடத்தைத் தொடங்கிய சாமி வைத்த சட்டம் அது.

கை நன்றாகத்தான் ஓடியது. ஐம்பது அறுபது செம்பு நிறைத்திருப்பான். இதற்கா இத்தனை வருஷம் காக்க வைத்தார்கள் என்றுகூட நினைத்தான். அப்போது ஒரு வலது கை உள்ளே வந்தது. அதில் ஆள்காட்டி விரல் இல்லை.

அகப்பை அந்தரத்தில் நின்றது.

தம்பி சங்கிலியின் கை. சின்ன வயதில் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலையின் வடத்தில் சிக்கி விரலை இழந்த கை. அப்பன் கண்ணை மூடியபோது வெளியூரில் இருந்த அண்ணனுக்குத் தாக்கல் சொல்லி விடாமல், தானே கொள்ளி வைத்துவிட்ட கையும் அதுதான். வெயில்முத்து ஊர் வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் சாம்பல்தான் மிச்சம். தலைமகனுக்கு அதைவிட என்ன அவமானம் வேண்டும். அன்றைக்கு வீட்டை விட்டு வெளியேறியவன்தான், மடத்தில் வந்து ஒதுங்கினான்.

செம்பு காத்திருந்தது. அகப்பையிலிருந்து கூழ் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்தக் கை வெறும் செம்போடு வெளியே போய்விட்டது.

பக்கத்தில் நின்ற பேச்சித்தாய் அகப்பையை அவன் கையிலிருந்து வாங்கி, அடுத்த செம்பில் ஊற்றினார்.

பேச்சித்தாய்தான் மடத்தின் குரு. வயது நாற்பத்தொன்று. முந்தின சாமி போகும்போது அகப்பையை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான் பட்டாபிஷேகம். பேர்தான் பேச்சித்தாய், பேச்சு அளந்துதான் வரும். தன்னைவிட மூத்த சீடனை அவர் அண்ணாச்சி என்பார். சீடன் குருவைத் தாயி என்பான்.

கூட்டம் கலைந்ததும் வெயில்முத்து வந்து நின்றான்.

"தாயி, ஆறு வருசமாச்சு. இந்தக் கோவம் எப்பப் போவும்?"

பேச்சித்தாய் அகப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நம்ம காட்டுல சுடுமல்லியை ஒழிச்சிட்டு வாங்க அண்ணாச்சி. அகப்பை உங்களுக்குத்தான்."

அவனுக்கு உயிர் வந்தது. கோபத்தை என்ன செய்வது என்று தெரியாது, களையை என்ன செய்வது என்று தெரியும். வேலை என்று வந்துவிட்டால் வெயில்முத்து சோறு தண்ணீர் பார்க்காத ஆள்.

மடத்துக்கு நாலு ஏக்கர் கரிசல். தாது வருஷப் பஞ்சத்தில் முதல் சாமி தன் விதைச்சோளத்தையே கூழாக்கி ஊருக்கு ஊற்றினாராம். அன்று முதல் அந்தக் காட்டில் சோளத்தைத் தவிர வேறு பயிர் ஏறியதில்லை. வருஷா வருஷம் புரட்டாசியில் சோளம், தையில் அறுப்பு. அந்தச் சோளத்தோடு கூடவே பிறந்ததுபோல ஒரு களை, சுடுமல்லி. சாண் உயரம்தான் இருக்கும். பொடிப்பொடியாய் வெள்ளைப் பூ. பார்த்தால் பாவமாக இருக்கும். ஆனால் அது முளைத்த இடத்தில் மண்ணில் ஈரம் இருந்தும் சோளம் சுருண்டுகொள்ளும்.

அந்தப் புரட்டாசியில் சோளம் விதைத்தார்கள். கார்த்திகையில் சுடுமல்லி தலை நீட்டியது. வெயில்முத்து இறங்கினான். இன்றைக்கு ஒரு பாத்தியைச் சுத்தமாகப் பிடுங்கினால் மூன்றாம் நாள் அதே பாத்தியில் பழைய குருடி கதவைத் திறடி என்று நிற்கும். மறுபடி பிடுங்குவான். இடுப்பு ஒடிந்ததே தவிர உற்சாகம் ஒடியவில்லை.

ஒருநாள் குருவிடம் பெருமையாகச் சொன்னான்.

"களை மட்டுமில்ல தாயி. தெனமும் காலம்பற வரப்புல நின்னு நூத்தியெட்டுத் தடவ சொல்லுதேன். 'சங்கிலி, உன்னைய மன்னிச்சிட்டேன்'னு."

"நல்லது."

"சொல்லி முடிச்ச கையோட களைக்கு இறங்கிருவேன்."

"அப்ப மனசு எப்பிடி இருக்கும்?"

"கொதிக்கும் தாயி. அவன் மூஞ்சி அப்பிடியே கண்ணுக்கு முன்னால நிக்கும். அந்தச் சூட்டுல பிடுங்குனா ஒரு பாத்தி நிமிசத்துல தீந்துரும் பாத்துக்கிடுங்க."

பேச்சித்தாய் சிரிக்கவில்லை. ஆனால் வெற்றிலை எடுக்கப் போகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மார்கழியில் மழை நன்றாகப் பெய்தது. மழை பெய்தும் சோளம் வாடியது. கண்ணுக்குத் தெரிந்த சுடுமல்லி ஒன்று பாக்கியில்லை, ஆனாலும் வாடியது. வெயில்முத்துவுக்கு அழுகை வராத குறை. குருவைக் காட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தான்.

"பாருங்க தாயி. ஒண்ணு விடல. பெறகும் பயிர் ஏன் இப்பிடி நிக்குது?"

"மம்பட்டியை எடுங்க."

அவன் ஒரு சோளத் தூரைச் சுற்றித் தோண்டினான். அவர் அதை மண்கட்டியோடு தூக்கி வாளித் தண்ணீரில் மெல்ல அலசினார். மண் கரைந்தது. வேர் தெரிந்தது. வேர் முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சின்னச் சின்னக் குருத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை இழுத்துப் பார்த்தான். வரவில்லை. சோள வேருக்குள்ளேயே வாயை வைத்திருந்தது.

"என்ன தாயி இது?"

"சுடுமல்லிதான். இன்னும் வெளிய தலை காட்டாதது."

"இவ்வளவா?"

"நீங்க பிடுங்குறது, சாப்பிட்டு முடிச்சு வாசல்ல வந்து நிக்கிற ஆளை."

வெயில்முத்து வாளிக்கு முன்னால் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாள் உழைப்பு வீண் என்று தெரிந்தவனுக்குத் துக்கம்தான் வரவேண்டும். அவனுக்கு வந்தது படபடப்பு. திருடன் ஒளிந்திருந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு பரபரப்பு.

"அதுக்கு முந்தி எங்க இருந்துச்சு?"

பேச்சித்தாய் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒண்ணும் தெரியலையே."

"தூசி மாதிரி வெதை. இருவது வருசம்கூட மண்ணுல தூங்கும்."

"அதை எழுப்புறது யாரு?"

அவர் சோள வேரைக் காட்டினார்.

"இந்த வேர் வாசனை பட்டாத்தான் முழிக்கும்."

"அப்ப சோளமே கூப்பிடுதா?"

"நல்ல பயிர் அண்ணாச்சி. அதைக் குத்தம் சொல்லக் கூடாது."

அன்று முழுக்க வெயில்முத்து ஊரில் கண்டவரிடமெல்லாம் வேரைக் காட்டினான். ஆள் கிடைக்காதபோது மடத்து மாட்டிடம் சொன்னான். மாடு அந்த வேரைத் தின்றுவிட்டது.

அறுவடை அரைகுறை. அடுத்த பங்குனி உத்திரத்தன்று உச்சிப்பொழுதுக்கு முன்னாலேயே பானை காலி. பாய்க்கு அடியில் வரிசையாக வந்த செம்புகள் வெறுமையாகத் திரும்பிப் போயின. மடத்தின் வரலாற்றில் அப்படி நடந்ததில்லை. வெயில்முத்து அன்று பந்தல் பக்கமே வரவில்லை. விரலில்லாத கையைப் பார்க்க வேண்டாம் என்று பின்கட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தான். தேவைக்கு மேலேயே பிளந்தான்.

இரண்டு நாள் கழித்து ஒரு யோசனையோடு ஓடிவந்தான். ஓடிவந்தான் என்றால் நிஜமாகவே ஓடிவந்தான்.

"தாயி, கண்டுபிடிச்சிட்டேன். சோளம் கூப்பிட்டாத்தான வருது? கூப்பிடவே வேண்டாம். காட்டைச் சும்மா போட்டுருவோம். ஒரு பயிரும் வேண்டாம். தானா ஒழிஞ்சு போவும்."

பேச்சித்தாய் எழுந்துபோய் மூன்று மண்சட்டி கொண்டுவந்தார். அடியில் துளை போட்டுக் காட்டு மண்ணை நிரப்பச் சொன்னார். மூன்றிலும் ஒரே இடத்து மண். முதல் சட்டியில் சோளம் ஊன்றினார். மூன்றாவதில் பருத்தி. நடுச்சட்டியில் ஒன்றும் ஊன்றவில்லை.

"மூணுக்கும் தண்ணி ஊத்துங்க."

"சும்மா கிடக்கிற சட்டிக்குமா?"

"அதுக்கும்."

சித்திரை, வைகாசி, ஆனி. மூன்று மாதம் வெயில்முத்து சட்டிகளை விட்டு நகரவில்லை. ஊரில் ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. சோளச்சட்டியில் சுடுமல்லி நெருக்கமாய் ஏறிப் பூத்தது. சும்மா சட்டியில் ஒன்றுமில்லை. பருத்திச் சட்டியிலும் ஒன்றுமில்லை.

"சொன்னேம்லா தாயி. சும்மா கிடந்தாலே போதும்."

"மண்ணை அப்பிடியே விட்டுட்டு, இருக்கிற செடியைப் பிடுங்கிருங்க. மூணுலயும் சோளம் போடுங்க."

அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் போட்டான். ஆடி போய் ஆவணியும் பாதி போயிற்று. ஒரு காலையில் நடுச்சட்டியில் மண் வெடித்து ஒரு குருத்து எட்டிப் பார்த்தது. மறுநாள் நாலு. வாரக் கடைசியில் எண்ணினான், பதினேழு. மூன்று மாதம் சாதுவாகக் கிடந்த மண் அது. வாசனை பட்டவுடன் அத்தனையும் எழுந்து வந்துவிட்டது.

பருத்தி இருந்த சட்டியில் எண்ணினான். இரண்டு.

மறுபடி எண்ணினான். சட்டியைத் திருப்பி வைத்து எண்ணினான். ஒன்பது தடவை எண்ணியும் இரண்டுக்கு மேல் போகவில்லை. அங்கிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு ஓடினான்.

"தாயி, ரெண்டுதான். ரெண்டே ரெண்டு. பருத்தி அதுகளைத் தின்னுருச்சா?"

"பருத்தி எதையும் தின்னாது."

"பெறகு?"

"பருத்தி வேருலயும் அந்த வாசனை உண்டு. வாசனை பட்டதும் முழிச்சு வரும். வந்து பாத்தா, வாய் வைக்க இடம் இருக்காது."

"முழிச்சது திரும்பத் தூங்கிராதா?"

"முழிச்ச வெதை தூங்காது அண்ணாச்சி."

வெயில்முத்து திரும்பப் போய்ச் சட்டியைக் கையில் எடுத்து, அந்த இரண்டு குருத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"வர்ற புரட்டாசிக்குப் பருத்தி போடலாமா தாயி?"

"ஏர்க்காரரைக் கூப்பிடுங்க."

ஏர்க்காரர் தவசியாண்டி, மடத்துக் காட்டை முப்பது வருஷமாக உழுகிறவர். பருத்தி என்று கேட்டதும் கலப்பையை இறக்கிவைத்துவிட்டார்.

"பருத்தி புடவையாக் காய்க்கும்னு கேட்டிருக்கேன். கூழாக் காய்க்கும்னு கேட்டதில்ல. உத்திரத்தன்னைக்குச் சனத்துக்கு என்னத்தை ஊத்துவீக? போன வருசமே பாதிப் பேரு வெறுஞ்செம்போட போனாக. இந்த வருசமும் போனா, மடம்னு எவன் திரும்பிப் பாப்பான்?"

தவசியாண்டி காட்டைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அதோட இது சாமி வாக்கு. இந்தக் காட்டுல சோளத்தைத் தவிர வேற ஏறக் கூடாது."

"சாமி சோளம் போடணும்னு சொன்னாரா? இல்ல, வந்தவுகளுக்கு ஊத்தணும்னு சொன்னாரா?"

தவசியாண்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வை ஒன்றும் இல்லை.

அப்போதுதான் வெயில்முத்து குறுக்கே விழுந்தான்.

"தாயி, பருத்திப்பால்!"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பருத்திக்கொட்டையை ஊறப் போட்டு, ஆட்டி, பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் தட்டிப் போட்டுக் காய்ச்சுனா, கூழுக்கு மேல நிக்கும் தாயி. மதுரைத் தெருவுல நான் குடிச்சிருக்கேன். நானே ஆட்டுதேன். எத்தனை பானை வேணும்னாலும் ஆட்டுதேன்."

தவசியாண்டி கலப்பையைத் தூக்கினார். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா" என்றார், என்னமோ தடுத்தது வேறு யாரோ என்கிற மாதிரி.

நூறு வருஷத்துக்கு மேல் சோளம் மட்டும் கண்ட மண்ணில் பருத்தி முளைத்தது. வெயில்முத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. இலை விட்டால் ஒரு கொண்டாட்டம், மஞ்சள் பூ விட்டால் ஒரு கொண்டாட்டம். பேச்சித்தாய் அவனைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார்.

"காய்ப்புழு விழுந்திருக்கு. விடியக்காலம்தான் வெளிய வரும். வெயில் ஏறுனா காய்க்குள்ள போய் ஒளிஞ்சுக்கிடும். நீங்கதான் பொறுக்கணும்."

விடியற்காலம் என்றால் அது நூற்றெட்டின் நேரம். அவன் அதையும் விடவில்லை. புழுவைப் பொறுக்கிக்கொண்டே மன்னிப்பையும் சொன்னான். முதல் வாரத்திலேயே இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. நாற்பத்திரண்டு என்பது மன்னிப்பா புழுவா என்று அவனுக்கே பிடிபடவில்லை. எதையாவது ஒன்றைத்தான் ஒழுங்காக எண்ண முடியும் என்று பட்டது. புழு பயிரைத் தின்றுகொண்டிருந்தது. அதனால் புழுவை எண்ணினான்.

மாசியில் பஞ்சு வெடித்தது. பஞ்சைப் பிரித்து எடுத்த கொட்டையைக் குவித்துவைத்து, உத்திரத்துக்கு முந்தின நாள் ஆட்ட ஆரம்பித்தவன் உத்திரத்தன்று மத்தியானம் வரைக்கும் ஆட்டினான். பாய்க்கு அந்தப் பக்கம் முதல் செம்பு குடித்தவர்கள் ஏதோ சொல்ல, வரிசையில் சிரிப்பும் பேச்சும் எழுந்தது. தவசியாண்டி நாலு முறை வரிசையில் வந்தார். முகம் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டார். ஏர் பிடித்துக் காய்த்துப்போன கையை மடத்தில் யாருக்குத் தெரியாது?

சாயங்காலம் வெயில்முத்து கை வீங்கிப்போய் வந்து நின்றான்.

"தாயி, பருத்தியில ஒத்தச் சுடுமல்லி இல்ல. அகப்பை?"

"சோளத்துல பாப்போம்."

"அப்ப வர்ற புரட்டாசிக்குச் சோளமா?"

"தட்டைப்பயறு."

அவனுக்குப் பொறுக்கவில்லைதான். ஆனால் ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டாமா? அதோடு தட்டைப்பயறும் அந்த வாசனை உள்ள பயிர்தான் என்று குரு சொன்னதும் அவனுக்கு அதிலும் ஆசை விழுந்துவிட்டது. கொடி எவ்வளவு ஓடும், வேரில் என்ன இருக்கும் என்று பார்க்கக் கிளம்பிவிட்டான். அடுத்த உத்திரத்துக்குச் செம்புகளுக்குப் பதில் இலைத்தொன்னைகள் வந்தன. சுண்டல் விழுந்தது. நடந்து வந்தவர்கள், மடத்தில் இந்த வருஷம் என்ன என்று முந்தின ஊரிலேயே பந்தயம் கட்டிக்கொண்டு வந்தார்களாம்.

அடுத்த புரட்டாசியில்தான் சோளம் விதைத்தார்கள்.

கார்த்திகை பிறந்ததும் வெயில்முத்து வரிசை வரிசையாக நடந்தான். காலையில் நடந்தான், மாலையில் நடந்தான். பத்து நாளில் முதல் சுடுமல்லியைக் கண்டான். அங்கேயே உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தான், வேறு இல்லை. சீசன் முடிய நாலு ஏக்கரிலும் சேர்த்து முப்பத்தொன்று. ஒவ்வொன்றையும் பூ விடுமுன் பிடுங்கி, காட்டுக்கு வெளியே கொண்டுபோய் எரித்தான். முன்பெல்லாம் ஒரு பாத்தியில் அதைவிட அதிகம் இருக்கும். எண்ணக்கூட முடியாது.

தையில் கதிர் சாய்ந்தது. மணி ஒவ்வொன்றும் முத்து முத்தாக இருந்தது. வெயில்முத்து ஒரு கதிரை ஒடித்து, வேட்டி மடியில் கட்டிக்கொண்டு, குருவின் முன் வந்து வைத்தான்.

"முப்பத்தொண்ணு இருந்துச்சு தாயி. பொய் சொல்ல மாட்டேன். அடியோட ஒழியல."

பேச்சித்தாய் கதிரைக் கையில் உருட்டிப் பார்த்தார். உள்ளே போய் அகப்பையை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தார்.

"முப்பத்தொண்ணை நீங்க பாத்துக்கிடுவீக."

பங்குனி உத்திரம். பந்தல், பாய், அடியில் ஒரு முழ இடைவெளி. பானையிலிருந்து புதுச்சோளக் கூழ் மணந்தது. பேச்சித்தாய் பக்கத்தில் நின்று மோர் கலந்துகொண்டிருந்தார்.

வெயில்முத்துவுக்குக் கை ஒரு பக்கம் ஓடியது, வாய் அதைவிட வேகமாக ஓடியது. பாய்க்கு அந்தப் பக்கம் யார் என்று தெரியாவிட்டால் என்ன, காது இருக்குமல்லவா?

"குடிங்கய்யா, இது பருத்திக்குப் பெறகு வந்த சோளம். ஒங்க காட்டுல சுடுமல்லி உண்டா? பிடுங்காதீக, பிரயோசனமில்ல. ஒரு வருசம் பருத்தி போட்டுப் பாருங்க. அம்மா, செம்பைச் சாய்க்காதீக. தட்டைப்பயறும் போடலாம். ஏன்னு கேளுங்க, வேருல ஒரு வாசனை..."

செம்பு வந்தது, போயிற்று. கிண்ணம் வந்தது, போயிற்று. யாரோ ஒருவர் கேள்வி கேட்டார். பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் வரிசையை விட்டுப் போய்விட, மிச்சப் பதிலை அடுத்த செம்புக்குச் சொன்னான். ஒரு செம்பில் இரண்டு அகப்பை ஊற்றியதும் போதும் என்று ஒரு கை அதன் வாயை மூடியது.

"விரலை எடுங்கய்யா, கூழு மேல விழுந்துரும். இந்த வருசத்து மணியைக் குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

கை விலகியது. மூன்றாவது அகப்பையை ஊற்றினான். செம்பு வெளியே போனபிறகும் அந்தப் பக்கத்தில் யாரோ நகராமல் நின்றார்கள் போலிருந்தது. பின்னால் இருந்தவர்கள் நெருக்கவும் வரிசை நகர்ந்தது. வெயில்முத்து அதற்குள் அடுத்த செம்பிடம் காய்ப்புழுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பொழுது சாய்ந்தபோது ஐந்து பானையும் காலி. ஒரு செம்புகூட வெறுமையாகப் போகவில்லை. தவசியாண்டி பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார். வெயில்முத்து கடைசிப் பானையை வழித்துத் தானும் ஒரு வாய் குடித்தான். தொண்டை கட்டியிருந்தது. அவ்வளவு பேசியிருந்தான். இத்தனை சந்தோஷமாக ஒரு நாளைக் கழித்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தான். நினைவுக்கு வரவில்லை.

ஓலைப்பாயைச் சுருட்டக் குனிந்தவனுக்கு அப்போதுதான் சுரீர் என்று நினைவு வந்தது. காலையிலிருந்து ஒரு தடவைகூட அவன் அந்தக் கையைத் தேடியிருக்கவில்லை.

பாயை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"தாயி, இந்த வருசம் சங்கிலி வரல போலயே."

பேச்சித்தாய் அகப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வந்தாரு."

"எப்ப?"

"போதும்னு ஒருத்தர் செம்பை மூடுனாரே. விரலை எடுங்கய்யான்னு நீங்ககூடச் சொன்னீக."

வெயில்முத்து அவரையே பார்த்தான்.

"நாலு விரலைத்தான் எடுத்தாரு" என்றார் பேச்சித்தாய்.